அண்ணியின் ஹாலில் நிற்கும் டாங்கி

அண்ணியின் தையல் மிஷினுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் ஒரு டாங்கி நிற்கிறது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். முழுக்க அலுமினியமும் இரும்பும். இரண்டரை அடிக்கு மேல் நீளம். தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதிலும் ஒருவராவது இடுப்பு வலி இல்லாதவராக இருக்க வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அளவு கொடுக்க நிற்கும் இடத்தில், அவர்களுடைய முழங்காலைக் குறி பார்த்தபடி அதன் பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் சற்றே திகைத்து, "இது என்னாக்கா?" என்பார்கள். அண்ணி வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலேயே, "என் வீட்டுக்காரரோட ரெண்டாம் தாரம்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கையைத் தூக்கி அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அண்ணன் காலமாகி இரண்டு வருடமாகிறது. மலைமேல் தானா ராத்தா டவுனின் ஓரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் இன்றும் போகிறேன். போனால் அண்ணி ஒரு பழைய பனியனைக் கையில் கொடுப்பார். அது டாங்கியைத் துடைக்க. வீட்டுக்கு வந்த மனிதனுக்கு முதலில் காப்பி கொடுக்கவேண்டும் என்ற முறை எங்கள் குடும்பத்தில் அந்த டாங்கி வந்த நாளோடு ஒழிந்தது. நான் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் பிட்டர். மிஷின்களைக் கழற்றி மாட்டுவதுதான் முப்பது வருடமாக என் வேலை. அதனால் இந்த டாங்கி விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று நம்பித்தான் நானும் இறங்கினேன். எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். அண்ணன் பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டாளத்துக்குப் போனார், நான் பேக்டரிக்குள் போனேன். பட்டாளத்தில் அவர் ஓட்டியது சின்ன ரக டாங்கி. அதை அவர் ஒருநாளும் டாங்கி என்று சொன்னதில்லை. "வண்டி" என்றுதான் சொல்வார். பென்ஷன் வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பியதும் எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து லோரி ஓட்டினார். வளைவுகளில் அவர் லோரியைத் திருப்பும் விதத்தைப் பார்த்து, பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து வரும் ஆட்கள் சாமி பெயரையெல்லாம் சொல்வார்கள். தோட்டத்து மேனேஜரான துரை ஒரு தடவை கூப்பிட்டுக் கண்டித்தபோது, "சார், நான் ஓட்டுன வண்டிக்கு ஸ்டியரிங்கே கிடையாது, இதுவே எனக்குப் பெரிய வசதி" என்று பதில் சொல்லிவிட்டு வந்தவர். வாய்க்குப் பஞ்சமில்லாத மனிதர். என்னை அவர் திட்டாத வாரம் கிடையாது, திட்டி முடித்துச் சாப்பிட வைக்காமல் அனுப்பிய வாரமும் கிடையாது.

லோரி ஓட்டுவதையும் விட்ட பிறகு அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கூடிக் கண்ணுக்கு வந்தது. ஈப்போவில் கண் டாக்டரைப் பார்க்க நான்தான் கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, மற்றதைக் கொஞ்ச காலம் தள்ளலாம், எவ்வளவு காலம் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். திரும்பும் வழி முழுக்க அண்ணன் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான். மலையேறி கியா பார்ம் காய்கறிக் கடைகளைத் தாண்டும்போது திடீரென்று, "டேய், வெளிநாட்டுல ஒருத்தன் டாங்கிய சின்னதா, நெசமான இரும்புலயே செஞ்சு, பூட்டாம பெட்டியில அனுப்புறானாம். நான் ஓட்டுன அதே வண்டி இருக்கு. வாங்கப் போறேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பூட்டி ஓட்டணும். அது ஓடுறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா போதும்லா. அப்புறம் இந்தக் கண்ணு என்னா வேணும்னாலும் பண்ணிக்கட்டும்." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து எங்களுக்கு இருந்தது ஒரே கெடு, அதன் தேதி யாருக்கும் தெரியாது.

மூன்று மரப்பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்த அண்ணி, "வீட்டுல நாலு பேரு உக்கார எடமில்ல, இதுல டாங்கி ஒண்ணுதான் கொறச்சல்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் தன்னுடைய பிஸ்கட் டின்களை எடுத்து வந்தார். பட்டன் போட்டு வைக்கும் டின்கள். நூற்றுக்கணக்கான ஸ்குரூக்களை நீளம் வாரியாக, தடிமன் வாரியாகப் பிரித்து ஒவ்வொரு டின்னிலும் போட்டு, மூடிமேல் ஒரு ஸ்குரூவை டேப்பால் ஒட்டி வைத்தார். எந்த டின்னுக்குள் எது இருக்கிறது என்று திறக்காமலேயே தெரியும். பேக்டரி ஸ்டோரில் இத்தனை வருடம் நாங்கள் செய்யாத ஒழுங்கு அது. ஆனால் அதை அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் சிக்கல் உடம்புப் பகுதியிலேயே வந்தது. தரைத்தகடு, இரண்டு பக்கத் தகடு, முன்னும் பின்னும் சரிவான தகடு, எல்லாம் ஸ்குரூவால் சேர வேண்டும். நான் வழக்கம்போல ஒரு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனேன். மூன்று பக்கம் அழகாக வந்தது. நான்காவது பக்கத்துக்கு வந்தால் ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, பாதி ஓட்டைதான் தெரிந்தது. செய்தவன் மேல் குற்றம் சொல்லிவிட்டு, ஓட்டையைப் பெரிதாக்கலாம் என்று டிரில்லை எடுத்தேன். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அண்ணி காலை நிறுத்தினார்.

"தம்பி, சட்டைக்குக் கை வைக்கிறப்ப நான் நேரா மிஷின்லயா வைப்பேன்?"

"தெரியாதே அண்ணி."

"முதல்ல கையால லூசா ஒரு ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பாத்து, அப்புறம்தான் மிஷினு. நீங்க ஒரு மூலையில இருந்து இறுக்கிக்கிட்டே வந்தா, கோணல் எல்லாம் கடைசி மூலையில வந்துதான் நிக்கும்."

அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "முப்பது வருஷ பிட்டர்டா! தையக்காரிகிட்ட பாடம் வாங்கிக்கோ" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் கழற்றி, எல்லா ஸ்குரூவையும் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி லூசாக நிறுத்தினேன். அண்ணி தன் அளவு டேப்பால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தார். வித்தியாசம் இரண்டு நூல், கால் அங்குலம். நான் உள்ளங்கையால் தட்டித் தட்டி இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை நகர்த்தி, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்கினேன். பொருந்தாத ஓட்டை ஒன்றுகூட இல்லை. டிரில் பெட்டிக்குள் போனது.

அண்ணனுடைய பங்கு விரல்களில் இருந்தது. ஸ்குரூவின் தலையைப் பார்க்க அவரால் முடியவில்லை, ஆனால் அலுமினியத்தில் ஸ்குரூ ஏற்றுவதில் அவரை மிஞ்ச முடியாது. ஏற்றுவதற்கு முன் முதலில் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றுவார். மரை வந்து மரையில் உட்காரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு வரும். அது விரலுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் திருப்புவார். அவசரப்பட்டு நேராகத் திருப்பினால் ஸ்குரூ கோணலாக ஏறி, அலுமினிய மரையை அறுத்துக்கொண்டு போய்விடும், தகடே வீண். "ஸ்குரூவ கெஞ்சவும் கூடாது, மெரட்டவும் கூடாதுடா, கொஞ்சம் பின்வாங்கி நில்லு, அதுவா வரும்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவர் கண்ணை நம்பாமல் செய்ய முடிந்த வேலை அது.

சக்கரங்களைத் தாங்கும் கைகள் வந்தபோது இடது பக்கம் தாழ்ந்து நின்றது. இரண்டு ஞாயிறு தலையைப் பிய்த்துக்கொண்டோம். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் இடப்பக்கக் கைகள் வேறு, வலப்பக்கக் கைகள் வேறு என்பதும், இரண்டை நான் மாற்றிப் போட்டிருந்தேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அண்ணி அவற்றை மேசைமேல் ஜோடி ஜோடியாக, முகம் பார்த்த மாதிரி வைத்துக் காட்டினார். இடது கை, வலது கை வெட்டுத் துணியை அப்படித்தான் வைப்பாராம். ஆணிகளில் மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் துரு பிடித்தபோது தையல் மிஷின் எண்ணெய்தான் கை கொடுத்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி, ஏழு மாதத்தில் மோட்டார்களும் கியர்ப்பெட்டிகளும் ஏறி, சங்கிலி போடும் கட்டத்துக்கு வந்தோம். இன்னும் ஒரு ஞாயிறு வேலைதான் பாக்கி. அண்ணனுக்கு அப்போது ஒரு கண் மங்கலாக இருந்தாலும் வேலை செய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரையின் நிறத்தைச் சொல்வார், ரோட்டில் ஓடும் காடி எந்த நிறம் என்று சொல்வார்.

நான் கெடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். இதை எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலி, துண்டு துண்டான கண்ணிகளை ஆணியால் கோத்தது. அதை மாட்டியபோது மேல்பக்கம் கொஞ்சம் தொய்ந்து சக்கரங்கள்மேல் படுத்துக்கொண்டது. "அப்படித்தான் இருக்கணும், தொங்கட்டும், தொடாத" என்றார் அண்ணன். சரி என்றேன். ஆனால் பேக்டரியில் வளர்ந்தவன் கண்ணுக்குத் தொங்கும் சங்கிலி பொறுக்காது. எங்கள் டிரையரில் இலையைத் தட்டில் ஏற்றி உள்ளே கொண்டுபோவது சங்கிலி. அது தொய்ந்தால் பல்லைவிட்டு எகிறும், தட்டு நிற்கும், உள்ளே இருக்கும் இலை கருகிப்போகும். துரை பேக்டரிக்குள் நுழைந்தால் முதலில் சங்கிலியைத்தான் பார்ப்பார். தொய்வாக இருந்தால் பிட்டர் தூங்குகிறான் என்று அர்த்தம். நாளைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் டாங்கி ஓடுவதைப் பார்க்க வருவார்கள், சங்கிலியைப் பார்த்துவிட்டு என்னைத்தான் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அண்ணன் மதியம் படுத்திருந்தபோது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியைக் கழற்றிவிட்டு விறைப்பாக மாட்டினேன். கம்பி இழுத்த மாதிரி நேராக இருந்தது. தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

மறுநாள் காலை வெளியே சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்து, கையிலிருந்த ரிமோட்டின் சுவிட்சைத் தொட்டதும் டாங்கி ஒரு முழம் நகர்ந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். உள்ளே கொட்டாங்கச்சி உடைவது மாதிரி ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. நேராகப் போகும்வரை தாங்கிய கியர், திரும்பும்போது இறுக்கமான சங்கிலியின் சுமை முழுக்க மேலே விழவும் பல் அறுந்துவிட்டது. டாங்கி என்பது பேக்டரி மிஷின் மாதிரி ஒரே இடத்தில் நின்று ஓடுவதில்லை, உடம்பையே வளைத்துத் திரும்புகிற வண்டி, அதற்குச் சங்கிலியில் இடம் வேண்டும். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது சுவிட்சைத்தான் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது அமுங்கவில்லை.

"எத்தன எடுத்த?"

"ஒண்ணுண்ணே."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேக்டரிக்காரன்டா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணி மட்டும் எனக்குப் பக்கத்தில் நின்று, அறுந்த கியரை டின்னில் போட்டு மூடினார்.

புதுக் கியர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு வாரம் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் அண்ணன், டாங்கிக்கு அடிக்கப் பச்சை பெயிண்ட் வாங்கிவரச் சொல்லி என்னை டவுனுக்கு இரண்டு தடவை அனுப்பினார். முதலில் வாங்கி வந்த பச்சையைத் தகட்டில் தடவி ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "இது கீரைக் கலருடா, என் வண்டி இன்னும் இருட்டு" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவதுக்குத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் எதையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து நான் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பார். கேட்டால் கால் மரத்துப்போகிறது என்பார். கடைக்கு வரச் சொன்னால் குளிர் என்பார். நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்வதுதான் உண்மை.

கியர் வந்து சேர்ந்தபோது மலையில் மழைக்காலம். பொருத்துவது இரண்டு மணி நேர வேலை. கழற்றிய இரண்டு கண்ணிகளையும் திரும்பப் போட்டு, சங்கிலி தொங்குகிறதா என்று அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டி ஒப்புதல் வாங்கினேன். பெயிண்ட்தான் அடங்கவில்லை. பிரைமர் என்கிற சாம்பல் நிற அடிப்பூச்சு காயவே ஐந்து நாள் பிடித்தது. அதன்மேல் பச்சையை ஒரு மூலையில் தடவிப் பார்த்தால் வெளுத்துப் பிசுபிசுத்தது, துடைத்து எடுத்துவிட்டேன். எங்கள் மலையில் அந்த மாதங்களில் சூடான, காய்ந்த இடம் என்று இருப்பது தேயிலை பேக்டரியின் டிரையர் அறை மட்டும்தான். அங்கே பெயிண்டைக் கொண்டுபோக முடியாது. பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். வாசனை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஆளைத் தலை கழுவி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். சரி, வெயில் வந்ததும் பச்சை அடிக்கலாம் என்று நினைத்து, டாங்கியைச் சாம்பல் நிறத்திலேயே ஓட்டிக் காட்ட முடிவு செய்தேன். இதை அண்ணனிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண் முன்னால் நிற்கப்போகிற டாங்கி என்ன நிறம் என்று யாராவது சொல்வார்களா?

மழை விட்ட ஒரு காலையில் அதே சிமெண்டுத் தரையில் இறக்கினோம். அண்ணன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடியே வந்து நின்றார். சுவிட்சைத் தொட்டேன். டாங்கி போனது. சங்கிலி சிமெண்டில் கடகடவென்று சத்தம் போட்டது. இடப்பக்கம் திருப்பினேன், திரும்பியது. வலப்பக்கம் திருப்பினேன், திரும்பியது. நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் போட்டது. அண்ணன் முகம் டாங்கி போகும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. வாய் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பச்ச அருமையா வந்திருக்குடா" என்றார். "அப்படியே என் வண்டி. அதே இருட்டுப் பச்ச."

சாம்பல் நிற டாங்கி அவர் செருப்புக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டார், என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "நல்லா வந்திருக்கு."

அடுப்படியில் போய்த்தான் கேட்டேன். அண்ணி காப்பி கலக்கிக்கொண்டே சொன்னார். "ஒரு மாசமாச் சுத்தமாத் தெரியல தம்பி. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியுது. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. கையப் புடிச்சுக்கங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா, தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்ல."

"எதுக்கண்ணி மறைக்கிறாரு?"

"வேற எதுக்கு? உங்களுக்காகத்தான். நீங்க அந்தச் சங்கிலிய இறுக்கலேன்னா நல்லாப் பாத்திருப்பாரே. இப்ப தெரியலன்னு சொன்னா, நீங்க ஆயுசுக்கும் அதையே நெனச்சு நெனச்சுச் செத்துப் போவீங்கன்னு அவருக்குப் பயம்."

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கப்படவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவன் அடுப்படியில் தேங்காய்த் துருவல் முன்னால் நின்று விக்கி விக்கி அழுதேன். முன்னறையில் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம், தன் டாங்கி எப்படித் திரும்பியது, பச்சை எப்படிப் பளபளத்தது என்று அளந்து விட்டுக்கொண்டிருப்பது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

பச்சை என்று அண்ணன் சொன்ன சொல்லைப் பொய்யாக விட்டுவைக்கக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. வேறு எப்படி அவருக்குப் பதில் செய்வது என்று தெரியவில்லை. டாங்கிக்குப் பச்சை அடித்துவிட வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னபோது உடனே, "கீழ தாப்பாவுக்குக் கொண்டு போங்க, என் தங்கச்சி வீட்டு முத்தத்துல நல்ல வெயில்" என்றார். அண்ணனிடம் மோட்டாரைப் பேக்டரியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று புளுகினேன். பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே போகும் என் கூட்டாளியின் லோரியில், கோஸ் பெட்டிகளுக்கு நடுவே டாங்கியைப் படுக்க வைத்துக் கட்டினோம். மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன், பிறகு சட்டைப் பட்டனைக் கழற்றினேன். தாப்பா வெயிலில் காலையில் அடித்த பச்சை மத்தியானத்துக்குள் விரலில் ஒட்டாமல் காய்ந்தது. இரண்டு நாளில் மூன்று பூச்சு. அண்ணியின் தங்கை வீட்டுக் கோழிகளை அண்டவிடாமல் குச்சியோடு காவல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தலையாட்டிய அதே பச்சை. சொன்னபடியே இருட்டாக, அருமையாக வந்திருந்தது.

இப்போது அந்த டாங்கியில் முகத்தை வைத்து முகர்ந்தால் மிஷின் எண்ணெயும் அண்ணி காட்டும் சாம்பிராணியும்தான் மணக்கும். ஆனால் தாப்பாவிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அதை ஹாலுக்குள் தூக்கி வந்து வைத்துவிட்டு, "மோட்டாரு சரியாயிருச்சுண்ணே" என்று நான் சொன்னபோது, வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. வாசனைக்குப் பயந்து எண்ணெய் தேய்த்த ஆளைத் திருப்பி அனுப்புகிற பேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு, அது அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை. லோரிக் காற்றில் வந்ததால் வாசனை தெரியவில்லையோ, மூக்கு பழகிவிட்டதோ என்னவோ. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து, டாங்கியின் முன்பக்கச் சரிவில் கையை வைத்தார். அப்படியே நின்றார். அவர் மூக்கு அசைவதைப் பார்த்தேன். ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்சியா?" என்றார்.

அண்ணி மிஷினை நிறுத்தினார்.

"அன்னிக்கு அது என்னா கலருடா?"

"சாம்பல்ணே. அடிப்பூச்சு மட்டும்தான் இருந்துச்சு."

அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். இருமல் வரும்வரை, அண்ணி எழுந்து முதுகைத் தடவிவிடும்வரை சிரித்தார். "பாவி, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பளபளன்னு சொன்னேனேடா! அவனும் ஆமாம் ஆமாம்ங்கிறான்!" என்றார். அண்ணியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்து, மன்னிச்சிருங்கண்ணே, அந்தச் சங்கிலியை நான் தொடாம இருந்திருந்தா, என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "ஓடுச்சுல்ல? கேட்டுச்சு. போதும், வாய மூடு" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் டாங்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். சங்கிலியை அமுக்கிப் பார்த்தார், அமுங்கியது, தலையாட்டினார். கடைசியில் நிமிர்ந்து, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பொதுவாகக் கையை நீட்டினார்.

"கையப் புடிடா. இந்த வீட்டுச் செவுத்தப் புடிச்சுப் புடிச்சு ஜில்லிட்டுப் போச்சு."

பிடித்தேன். உண்மையிலேயே ஜில்லென்றுதான் இருந்தது.